களப்பணியில் ஹெட்போன்: எல்லைமலைக் குறிப்புகளோடு ஒரு சிறு வரலாறு

முதுகலை மாணவர் இருவர் இந்த வாரம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருந்தனர். களத்தில் பதிவு செய்யும்போதும், திரும்பி வந்து மேசையில் அமர்ந்து கேட்கும்போதும் பயன்படும் நல்ல ஹெட்போன் எது? சில ஆண்டுகளாவது அது உழைக்குமா? ஒரு மாதிரியின் பெயரைச் சொல்லி விடையை முடித்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளாததால் என் ஆய்வேட்டின் ஒரு பகுதியே பலவீனப்பட்டுவிட்டது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். கருவிகளின் பெயர்கள் இறுதியில் வரும். அதற்குமுன், நம் மலைகளில் ஒலி எவ்வாறு கேட்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்த்துவிட வேண்டும்.

1. காற்றும் காத்தும்

‘காற்று’ என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டின் பேச்சுவழக்கில் பெரும்பாலும் ‘காத்து’ என்கிறோம். மலையாளத்தில் அதே சொல்லின் நடுவில் வருவது நுனியண்ண அடைப்பொலி: நாநுனி பல்லைத் தொடாமல், பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொட்டு விடுபடுவது. யாழ்ப்பாணத் தமிழிலும் இவ்வொலி உயிரோடு இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் த, ந ஆகியவற்றை ஓரிடத்திலும், ட, ணவை வேறிடத்திலும், ற, னவை மற்றோரிடத்திலும் வைத்து விளக்குகிறது. ஆக, மூன்று இடங்கள் மூன்று ஒலிகள் என்பது நமக்குப் பழைய செய்தி. தமிழ்நாட்டுப் பேச்சின் பெரும்பகுதியில் நடு இடம் காலியாகிவிட்டது, மலையாளத்தில் காலியாகவில்லை என்பதே நிலவரம்.

அப்படியானால் இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தலூர், வட்டவடைப் பகுதிகளிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் பல தலைமுறையாக வாழும் தமிழர் ‘காற்று’ என்பதை எப்படிச் சொல்கின்றனர்? பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழர் எப்படிச் சொல்கின்றனர்? பல்லிலா, பல்மேட்டிலா? இருமொழிச் சூழலில் ஓர் ஒலி எப்படித் திரும்பி வருகிறது, அல்லது எப்படிப் போகாமல் தங்கிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. எழுத்தைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. தமிழ் எழுத்தில் எழுதினால் அது ‘ற்ற’ என்றே இருக்கும். மலையாள எழுத்தும் ஒரு கட்டத்தில் கைவிரிக்கும்: பல் நகரத்துக்கும் நுனியண்ண னகரத்துக்கும் அங்கே வரிவடிவம் ஒன்றே. விடை காதில் மட்டுமே கிடைக்கும்.

மூன்றாண்டுகளுக்கு முன், மறையூருக்கு அருகே, தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியிடம் ஒரு மணி நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். காட்டுத்தீ, மழை, பழைய லயத்தில் கூரை பறந்த கதை என விரிந்த அந்தப் பேச்சில் ‘காற்று’ என்னும் சொல் ஒன்பது முறை வந்தது. சிறிய மைக்கை அவர் சேலையின் தோள்பகுதியில் குத்தியிருந்தேன். பையில் ஹெட்போன் இருந்தது, அணியவில்லை. பெரியவர் பேசும்போது காதை அடைத்துக்கொண்டு உட்கார்வது மரியாதைக் குறைவு என்று எண்ணிவிட்டேன். அறைக்குத் திரும்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது: அவர் கையசைத்துப் பேசும் இடமெல்லாம் சேலை மைக்கில் உரசியிருக்கிறது, அதோடு இணைப்புமுனை தளர்ந்து நெடுக ஒரு சன்னமான பொரிச்சல் ஒலி ஓடுகிறது. கதை புரிகிறது. பல்லொலியையும் நுனியண்ண ஒலியையும் பிரித்துக் காட்டும் அந்தச் சிறு வெடிப்பு மட்டும் கேட்கவில்லை. அது சில மில்லி நொடிகளே நிகழ்வது.

நான்கு மாதம் கழித்து மீண்டும் போனேன். “அன்னைக்கே எல்லாஞ் சொல்லிட்டேனே தம்பி, திரும்ப எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, அன்போடு முழுவதையும் மறுபடி சொன்னார். இம்முறை பக்கத்தில் பேத்தி அமர்ந்திருந்தாள். “காலேஜ்ல இருந்து வந்திருக்காரு, நல்லாப் பேசு பாட்டி” என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பாட்டியும் நல்லாப் பேசினார். எல்லா இடத்திலும் தெளிவான ‘காத்து’. முதல் நாள் எதைச் சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியாது. என் அட்டவணையில் அந்த ஒன்பது கட்டங்களிலும் ‘தெளிவில்லை’ என்றே இருக்கிறது.

மூன்று நிமிடம் ஹெட்போன் அணிந்திருந்தால் உரசலும் பொரிச்சலும் அங்கேயே காதில் விழுந்திருக்கும். ஒன்பது கட்டங்களும் நிரம்பியிருக்கும்.

2. மெழுகு, தட்டு, எழுதுகோல்

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அதைக் கேட்பது என்ற வசதி நெடுங்காலம் யாருக்கும் கிடையாது.

1877ஆம் ஆண்டில் எடிசன் போனோகிராபை உருவாக்கினார். அதே 1877இல்தான் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார் ஜே. டி. மன்றோ. பின்னாளில் தமிழ்த் தொழிலாளரை அம்மலைக்கு ஏற்றிய தோட்டங்களின் தொடக்கம் அது. பேச்சைப் பிடித்துவைக்கும் கருவியும், நான் ஆராயும் பேச்சு உருவாவதற்கான சூழலும் ஒரே ஆண்டில் பிறந்திருக்கின்றன. இரண்டும் சந்திக்க வெகுகாலம் ஆயிற்று.

தொடக்ககால போனோகிராபில் மின்சாரம் இல்லை. பேசுபவர் கூம்புக்குள் பேசுவார். அதன் அதிர்வு ஊசிவழியே மெழுகு உருளையில் பள்ளமாகும். அப்போது அருகில் இருப்பவர் கேட்பது பேசுபவரின் குரலைத்தான், உருளையில் விழுந்ததை அல்ல. விழுந்ததைக் கேட்க வேண்டுமானால் மீண்டும் ஓட்ட வேண்டும். அதற்கு மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைப் போன்ற ரப்பர்க் குழாய்களைக் காதில் செருகிக் கேட்கும் வழக்கம் இருந்தது. பதிவொலியைக் காதோடு காதாகக் கொண்டுவந்த முதல் ஹெட்போன் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி மெழுகைத் தேய்க்கும். சரிபார்ப்பதே பதிவை அழிப்பதாக இருந்த காலம் அது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய உருளைகளில்தான் தென்னிந்திய ஒலிகளைப் பதிந்தார். அவரும் க. ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் இருளரும் முதுவரும் இடம்பெறுகின்றனர், எழுத்தாகவும் படமாகவும்.

அடுத்தது கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு. 1894இல் தொடங்கி 1928இல் நிறைவுற்ற அந்தப் பெரும்பணி நேரடிக் கணக்கெடுப்பிலிருந்து சென்னை மாகாணத்தையும் தெற்கின் சமஸ்தானங்களையும் விட்டுவிட்டது. மலபார் மாவட்டத்தில் இருந்த அட்டப்பாடி, கொச்சியைச் சேர்ந்த சித்தூர், திருவிதாங்கூரைச் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு மலைகள் ஆகிய அனைத்தும் இவ்வாறு அதன் எல்லைக்கு வெளியே நின்றன. அளவாய்வோடு தொடர்புடைய கிராமபோன் பதிவுகள் 1913 முதல் 1929 வரை நடந்தன. அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாண மொழிகளின் தட்டுகளும் வெட்டப்பட்டன. அவற்றுக்கான வாசகங்களை எஃப். எச். கிரேவ்லியின் பொறுப்பில் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது.

அந்தக் காலத் தட்டுகளை இன்று இணையத்தில் கேட்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மின்முறைப் பதிவு வணிக வழக்குக்கு வந்தது 1925இல். அதற்கு முந்தைய கூம்புமுறைப் பதிவில் ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே ஓரளவு நன்றாகப் பதிந்தன. நுனியண்ண வெடிப்பின் ஆற்றல் பெருமளவு அதற்கும் மேலே இருக்கிறது. எனவே அத்தட்டுகளில் உயிரொலியையும் சொற்றொடரின் ஏற்ற இறக்கத்தையும் நம்பலாம். ‘காற்று’ எப்படிச் சொல்லப்பட்டது என்று கேட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்போனும் விடை தராது. பதிவில் இல்லாததை எந்தக் கருவியும் மீட்காது.

இதே காலத்தில் எழுதுகோலோடு நடந்தவர்களும் இருந்தனர். பாலக்காட்டில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரின் கொச்சிக் குலங்களும் குடிகளும் என்ற நூலின் முதல் தொகுதி 1909இல் வந்தது. அவருடைய மகன் எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் வெளியிட்ட திருவிதாங்கூர்த் தொகுதிகளில் இன்றைய இடுக்கியின் முதுவான், மன்னான், ஊராளி முதலிய சமூகங்கள் பேசப்படுகின்றன. சடங்கு, உறவுமுறை, வீடு, உடல் அளவு எல்லாம் அவற்றில் உண்டு, ஒலி மட்டும் இல்லை. எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியின் கோத்தர், தோடர் மொழிகளைச் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினார். அவர் கை எழுதியதை இன்றும் நம்புகிறோம் என்றால், அது அவர் காதின் பயிற்சிக்கு நாம் தரும் மதிப்பு. ஆனால் அவர் கேட்டதை நாம் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வழியில்லை.

இருள மொழிக்கும் இவ்வாறே. ஜெரார் டிஃப்லோத்தின் 1968ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு, கமில் சுவெலபிலின் 1973ஆம் ஆண்டு நூல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் வெளியிட்ட பெரியாழ்வாரின் ஒலியியல் நூல் ஆகியவை நமக்கு அடிப்படை. இருளத்தில் நடுவுயிர்கள் உண்டு, அதாவது இகரத்துக்கும் உகரத்துக்கும் இடைப்பட்டதாய் நாவின் நடுவில் நிற்கும் உயிர்கள். அகளியிலோ சோலையூரிலோ ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ‘இது தமிழ் மாதிரிதானே’ என்று நினைப்பவர் தவறவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காக அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்தபின், அம்மொழியை நாடே கேட்டது. பெரும்பாலோர் அதைக் கேட்டது செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில்.

3. ஹெட்போன் வந்த வழி

இனிக் கருவிக்கு வருவோம். நாம் இன்று அணியும் ஹெட்போன் இசைக்காகப் பிறந்தது அன்று. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்தவரின் ஒற்றைக் காதுக் கருவியிலிருந்தும், கடற்படை வானொலி இயக்குநரின் தேவையிலிருந்தும் அது வந்தது. 1910இல் அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த இணைக் கருவியை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குறியொலியைப் பிடிப்பதே அதன் பணி. களப்பணியாளரின் தேவையும் அதுவேதான் என்பதைக் கவனிக்க.

1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்னும் மாதிரியை வெளியிட்டது. காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளைக் கொண்ட முதல் ஹெட்போனாக அதைக் குறிப்பிடுவர். இன்று நாம் வாங்கும் பெரும்பாலானவை இதே தத்துவத்தில் இயங்குகின்றன. 1958இல் இரு நிகழ்வுகள்: அமெரிக்காவில் ஜான் காஸ் இசை கேட்பவருக்கான ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். சுவிட்சர்லாந்தில் குதெல்ஸ்கியின் நாக்ரா 3 வெளிவந்தது. முன்னது ஹெட்போனை வீட்டுக்குள் கொண்டுவந்தது, பின்னது களத்துக்குக் கொண்டுபோனது.

நாக்ராவின் ஒரு கூறு நம் பேச்சுக்கு மிக முக்கியம். அதில் பதியும் தலையும் படிக்கும் தலையும் தனித்தனி. நாடா பதியும் தலையைக் கடந்து சில கணத்தில் படிக்கும் தலையைத் தொடும். ஆகவே ஹெட்போனில் இருந்தவர், நாடாவில் உண்மையாகவே விழுந்ததைச் சற்றுப் பிந்திக் கேட்டார். பதிவு நடக்கும்போதே பதிவைக் கேட்பது என்ற வசதி அவ்வாறு ஒரு மனிதர் தோளில் சுமக்கும் பெட்டிக்குள் வந்தது. இன்று நம் கையிலுள்ள இலக்கக் கருவிகளில் ஹெட்போனில் கேட்பது பொதுவாக உள்ளே வரும் ஒலியை, அட்டையில் எழுதப்பட்டதை அன்று. நாக்ரா பதிந்ததைக் காட்டியது, நம் கருவி பதியப்போவதைக் காட்டுகிறது. ஆகவேதான் முதல் ஓரிரு நிமிடத்தைப் பதிந்து, நிறுத்தி, மீண்டும் ஓட்டிக் கேட்டபின் நேர்காணலைத் தொடங்க வேண்டும் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

1968இல் சென்ஹைசரின் எச்டி 414 வந்தது. காதுக்கு வெளியே மூடி இல்லாத, திறந்த அமைப்பு. அதிலிருந்து இரு மரபுகள் பிரிந்தன. மூடிய அமைப்பு வெளியொலியை உள்ளே விடாது, உள்ளொலியை வெளியே விடாது. திறந்த அமைப்பு இரண்டையும் விடும், ஆனால் அதில் ஒலி அடைபட்டதாகத் தோன்றாது, நெடுநேரம் கேட்டாலும் காது களைப்பது குறைவு. நம் கேள்விக்கான விடையில் பாதி இப்பிரிவில் இருக்கிறது.

4. எதைத் தேர்வது

களத்துக்கு மூடிய அமைப்பு. பேசுபவர் இரண்டடி தொலைவில் இருக்கிறார். திறந்த ஹெட்போனை அணிந்தால் அவருடைய நேர்க்குரலும் மைக்கின் குரலும் கலந்து கேட்கும், மைக்கில் பழுது இருந்தாலும் நேர்க்குரல் அதை மறைத்துவிடும். அத்துடன் ஹெட்போனின் ஒலி கசிந்து மைக்குக்கே திரும்பும். மூடியது என்றால், கேட்பது மைக் கேட்டதை மட்டுமே.

இரைச்சலை நீக்கும் வசதியைக் களத்தில் அணைத்து வைக்கவும். இது முரணாகத் தோன்றும். அந்த வசதி சுற்றியுள்ள தாழ்ந்த, சீரான ஒலிகளைக் காதிலிருந்து விலக்குகிறது. பக்கத்து வீட்டு மோட்டாரும் மின்விசிறியும் உங்களுக்குக் கேட்காது. மைக்குக்கு நன்றாகக் கேட்கும். நாம் தேடுவது அமைதி அன்று, பிழையின் தடயம். புளூடூத் இணைப்பும் வேண்டாம். அது ஒலியைச் சுருக்குகிறது, தாமதப்படுத்துகிறது, பேச்சுக்கு நடுவே மின்கலம் தீர்ந்தால் கைவிடுகிறது. கம்பி இருக்கட்டும்.

தாழொலியைப் பெருக்கிக் காட்டும் ஹெட்போன்களைத் தவிர்க்கவும். இசை கேட்க அவை இனிமையாக இருக்கலாம். அவற்றுள் பலவற்றில் தாழ்ந்த பகுதியும் உயர்ந்த பகுதியும் உயர்த்தப்பட்டு நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். உயிரொலிகளின் முன்பின் வேறுபாட்டைக் காட்டும் இரண்டாம் ஒத்திசைவு, நாம் தேடும் இருள நடுவுயிர் உட்பட, பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் நிற்கிறது. வளைநா ஒலிகளில் தாழும் மூன்றாம் ஒத்திசைவு அதற்குச் சற்று மேலே இருக்கிறது. பள்ளம் வெட்டப்படுவது நம் வயலின் நடுவில். ஒலிபெருக்கி தன் மிருதங்கத்தின் நாதத்தை மாற்றுகிறது என்று மைக் இல்லாத கச்சேரியை வலியுறுத்தியவர் பாலக்காடு மணி ஐயர். அந்தப் பிடிவாதத்தில் ஒரு துளி நமக்கும் தேவை.

மின்னெதிர்ப்பைப் பார்க்கவும். பெட்டியில் ‘ஓம்’ என்ற அலகோடு ஓர் எண் இருக்கும். கையடக்கப் பதிவுக் கருவியின் ஆற்றல் குறைவு. 250, 300 ஓம் ஹெட்போனை அதில் செருகினால் ஒலி மெலிந்து கேட்கும். ஒலி போதவில்லை என்று எண்ணிப் பதிவு அளவை ஏற்றுவோம், பதிவு உச்சத்தில் வெட்டுண்டு சிதையும். களத்துக்கு 32 முதல் 80 ஓம் வரை பொருத்தம்.

இனிப் பெயர்கள். 1988இல் வந்த சென்ஹைசர் எச்டி 25: 70 ஓம், கம்பி நீங்கலாக ஏறத்தாழ 140 கிராம், ஒரு செவிமூடியைத் திருப்பிவிட்டு ஒரு காதால் மட்டும் கேட்கலாம், பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றலாம். 1991இல் வந்த சோனி எம்டிஆர் 7506: 63 ஓம், மடித்து வைக்கலாம், உயர் அதிர்வெண்களைச் சற்று முன்னிறுத்துவதால் இரைச்சலும் சீறலும் எளிதில் அகப்படும் என்பர். கம்பி கழற்ற இயலாதது என்பதை மனத்தில் கொள்க. 1985இல் தொடங்கிய பேயர்டைனமிக் டிடி 770 வரிசை: காதை முழுதும் சூழும் மெத்தை, களத்துக்கு 32 அல்லது 80 ஓம், மேசைக்கு 250 ஓம். மேசையில் மட்டும் பயன்படுத்துவதானால், அறை அமைதியாக இருந்தால், 1997இல் வந்த எச்டி 600 போன்ற திறந்த அமைப்பு சிறந்தது. அது 300 ஓம் என்பதால் தனிப் பெருக்கி இருப்பது நலம். இவற்றின் வயதைக் கவனியுங்கள். இத்தனை ஆண்டு சந்தையில் நிற்கும் மாதிரிக்கு மாற்று மெத்தையும் மாற்றுக் கம்பியும் கிடைக்கும். நீடித்து உழைப்பது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே: உடையாத கருவி கிடையாது, உடைந்தால் சரிசெய்யக்கூடிய கருவி உண்டு.

நம் மலைகளில் முதலில் சாவது மெத்தைதான். மூணாற்றின் மழையிலிருந்து மழைமறைவுப் பகுதியான மறையூருக்கு ஒரே நாளில் இறங்குகிறோம். அட்டப்பாடியிலும் மேற்கே முக்காலி நனைந்திருக்கும், கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் காய்ந்திருக்கும். ஈரமும் வியர்வையும் மாறி மாறிப் பட்டால் போலித்தோல் மெத்தை செதில்செதிலாக உரியும். செதில் உரிவதோடு காதுக்கும் மெத்தைக்கும் இடையே இடைவெளி விழுந்து தாழொலி கசியும், அதாவது நீங்கள் கேட்பதே மாறிவிடும். துணி மெத்தை உரியாது, ஆனால் வியர்வையைக் குடிக்கும், கழுவி உலர்த்த வேண்டும். களத்திலிருந்து திரும்பியதும் மெத்தையைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்கவும். கம்பியைத் தலைவளையத்தில் இறுக்கிச் சுற்றாதீர்கள், முனையருகே உள்ளிழை அறுவது அப்படித்தான். மண்ணார்க்காட்டிலிருந்து அகளிக்குச் சுரம் ஏறும் பேருந்தில் பைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆகவே கெட்டியான பெட்டி ஒன்று, கருவியின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டிய செலவு.

மேசையைப் பற்றி ஒன்று. ஒரு மணி நேரப் பதிவை நுணுக்கமாக எழுத்தாக்கப் பல பத்து மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் காது அழுத்தத்தில் இருக்கிறது. உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த வரம்பு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல். கேட்கவில்லை என்று ஒலியை ஏற்றுவதற்குமுன் அந்த ஓரசையை வெட்டி எடுத்து நாலைந்து முறை மெல்ல ஓட்டுங்கள். நம் துறையில் காது பழுதானால் மாற்று உறுப்பு கிடைக்காது. களத்தில் அணிந்த அதே ஹெட்போனை மேசையிலும் ஒரு முறையாவது அணிந்து கேட்பது நல்லது. ‘அன்று எனக்கு ஏன் இது கேட்கவில்லை?’ என்ற கேள்விக்கு அப்போதுதான் நேர்மையான விடை கிடைக்கும்.

5. இன்னொரு காது

ஹெட்போன் மரியாதைக் குறைவு என்று நான் தயங்கியதைச் சொன்னேன். அத்தயக்கத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. காதை மூடியவர் முன் பேசுவது, கதவை மூடிய வீட்டின் முன் பேசுவதைப் போன்றது. அதற்கு வழி ஹெட்போனை ஒளித்து வைப்பதில் இல்லை, பங்கிடுவதில் இருக்கிறது.

ஆர்னல்டு பாக்கே என்னும் டச்சு இசையறிஞர் 1938இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து, தமிழகம், கேரளம், கருநாடகப் பகுதிகளின் நிகழ்கலைகளை ஒலியாகவும் படமாகவும் பதிந்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று, கலைஞர்களிடமும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடமும் போட்டுக் காட்டினர். எது மாறியது, எது நின்றது, பதிவில் இருப்பவர் யார் என்ற செய்திகள் அங்கேதான் தெளிவாயின. 46 ஆண்டுகளாக ஆய்வாளரின் பக்கம் மட்டும் இருந்த ஒலி, அன்று உரியவரின் காதுக்குப் போயிற்று.

அதன்பிறகு என் பையில் எப்போதும் இரண்டு ஹெட்போன்களும் ஒரு பிரிப்புமுனையும் உள்ளன. நேர்காணலைத் தொடங்குமுன் ஒன்றைப் பேசுபவரிடம் கொடுத்துவிடுகிறேன். ‘உங்கள் குரல் இந்தப் பெட்டிக்குள் இப்படித்தான் போகிறது, கேட்டுப் பாருங்கள்’ என்பது ஒப்புதல் பெறுவதில் ஒரு பகுதி. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அவர் காதாலேயே அறிகிறார். பதிவு முடிந்தபின் சில பகுதிகளை இருவரும் சேர்ந்து கேட்கிறோம். என் எழுத்தாக்கத்தில் பல திருத்தங்கள் அப்போது வந்தவை.

சென்ற பருவத்தில் மறையூருக்குப் போனபோது பாட்டிக்கும் அதைக் கொடுத்தேன். முதல் நாள் பதிவின் அந்தப் பழுதான பகுதியைத்தான் ஓட்டினேன். பேத்தி பக்கத்தில் இல்லை. சற்று நேரம் கேட்டுவிட்டு, “இதென்ன, நான் பேசறப்ப சீலை பேசுது” என்றார். பின்பு ஹெட்போனைக் கழற்றாமலே, தன் குரலுக்கு மேலே தான் பேசத் தொடங்கினார். அந்தப் பகுதியை முழுவதும் மறுபடி சொன்னார், கூரை பறந்த இடம் உட்பட. இம்முறை நானும் ஹெட்போன் அணிந்திருந்தேன். ‘காற்று’ மூன்று முறை வந்தது. மூன்றையும் தெளிவாகக் கேட்டேன். ஒன்று பல்லில், இரண்டு பல்மேட்டில்.

அட்டவணையின் பழைய ஒன்பது கட்டங்களை நான் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. அவற்றுக்குக் கீழே புதிதாக மூன்று கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன, எந்த நாள், எந்தச் சூழல், எந்தக் கருவி என்ற குறிப்போடு. தன் பழைய குரலைக் கேட்டுக்கொண்டே சொன்னார் என்பதும் அக்குறிப்பில் உண்டு, அது அவர் ஒலிப்பைப் பாதித்திருக்கக்கூடும் என்பதால். கேள்வி கேட்ட மாணவர் இருவருக்கும் என் விடை இதுதான்: கம்பியுள்ள, மூடிய, பழுதுபார்க்கக்கூடிய ஒன்றை வாங்குங்கள். கையில் பணம் மிஞ்சினால் அதைவிட விலைகூடிய மாதிரிக்குப் போகாமல், எளியதாய் இரண்டாவது ஒன்றை வாங்குங்கள்.